கொட்டகை அக்கா பதில்கள்: நூத்தியேழு வயசுப் பையனும் நடுராத்திரி ஷோவும்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதும்போது போற போக்குல, "ட்வைலைட் படத்தை டிவில பாக்கறது ஊறுகாய் பாட்டிலை வெளியில இருந்து நக்கற மாதிரி"ன்னு ஒரு வரி போட்டுட்டேன். அவ்ளோதான், மெயில் குவிஞ்சிடுச்சு. பாதி பேர் சண்டைக்கு வர்றாங்க, பாதி பேர் "அக்கா நீங்களுமா"ன்னு சந்தோஷப்படறாங்க, ஒரு ஐயா மட்டும் "உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா"ன்னு ஒத்த வரில கேட்டிருக்கார். தேவைதான் ஐயா. அதனால இந்த தடவை பக்கம் பூரா இந்தப் படம்தான், பிடிக்காதவங்களுக்கு அடுத்த பக்கத்துல ராசிபலன் இருக்கு.

படம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஃபோர்க்ஸ்னு ஒரு மழை ஊரு. அங்க அப்பாகூட இருக்க வர்ற பெல்லாங்கற பதினேழு வயசுப் பொண்ணு, கூடப் படிக்கிற எட்வர்டை லவ் பண்றா, அவன் ரத்தக்காட்டேரி. ஸ்டெஃபனி மேயர் எழுதின நாவல் 2005ல வந்துச்சு, படம் 2008 நவம்பர் 21. கிறிஸ்டன் ஸ்டூவர்ட், ராபர்ட் பாட்டின்சன் நடிச்சது.

அக்கா, நாங்க சியாட்டில் பக்கத்துல பெல்வியூல இருக்கோம். 2025 அக்டோபர் கடைசில புக் வந்து 20 வருஷம் ஆச்சுன்னு அஞ்சு படத்தையும் தினம் ஒண்ணா திரும்ப தியேட்டர்ல போட்டாங்கல்ல, அப்ப என் 14 வயசுப் பொண்ணு முதல் படத்துக்கு என்னை இழுத்துட்டுப் போனா. தியேட்டர் ஃபுல்லா முப்பது நாப்பது வயசுப் பொம்பளைங்க! ஹீரோ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே இவங்க டயலாக்கை கத்தறாங்க, விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, அடுத்த நிமிஷம் கண்ணைத் தொடைக்கறாங்க. என் பொண்ணும் சேந்து கத்தறா. எனக்கு தலையும் புரியல வாலும் புரியல. இது நல்ல படமா, இல்ல கேலி பண்றதுக்குன்னே பாக்கற படமா?
- பாப்கார்ன் மட்டும் தின்னு முடிச்ச அம்மா

ரெண்டும்தான்மா. அதுதான் இதுல இருக்கற சங்கதியே.

நீங்க இருக்கற ஏரியாலதான் நானும் 2008ல இருந்தேன், வீட்டுக்காரருக்கு அங்க வேலை. என் நாத்தனார் பொண்ணுக்கு அப்ப பதினாறு வயசு, அடுத்த தெருவுலதான் வீடு. நவம்பர் 20 வியாழக்கிழமை ராத்திரி 12 மணிக்கு மேல ஷோ, மறுநாள் ஸ்கூல் வேற, அவங்கம்மா முடியவே முடியாதுன்னுட்டா, கடைசில "அத்தை வந்தா விடறேன்"னு ஒரு கண்டிஷன் போட்டா, மாட்டினது நான். படத்தைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பேய்ப்படம்னு நினைச்சு சால்வை, தெர்மாஸ்ல டீ எல்லாம் ஹேண்ட்பேக்ல ஒளிச்சு வெச்சு எடுத்துட்டுப் போனேன். வெளியில அந்த ஊரு மழை, சொட்டு சொட்டா நாள் பூரா விழுமே, அதே மழை. வரிசை மால் வாசலைத் தாண்டி நிக்குது. எல்லாம் பொண்ணுங்க, கையால எழுதின டீஷர்ட், புக்கை மார்ல அணைச்சுகிட்டு நிக்குதுங்க, நடுநடுவுல என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு அம்மா, சித்தி, அத்தை, ஒருத்தர ஒருத்தர் பாத்து "உனக்குமா"ங்கற மாதிரி ஒரு சிரிப்பு.

லைட் அணைஞ்சுது. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஸ்கூல் கேன்டீன் சீன் வந்துச்சு பாருங்க, காட்டேரி குடும்பத்துப் பிள்ளைங்க ஜோடி ஜோடியா உள்ள வருவாங்க, கடைசியா எட்வர்ட் ஒத்தையா வருவான். அந்தக் கதவு தொறந்ததும் ஒரு சத்தம் கிளம்புச்சு. நான் எங்க ஊர்ல ரஜினி படம் முதல் நாள் முதல் ஷோ பாத்தவ, பூ, பேப்பர், விசில் எல்லாத்தையும் பாத்தவ, ஆனா முழுக்க முழுக்க பொண்ணுங்க தொண்டையில இருந்து அப்படி ஒரு சத்தத்தை அதுக்கு முன்னாடி ஒரு தியேட்டர்லயும் கேட்டதில்ல. எங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு சினிமா கொட்டகையில கத்தறதுக்கு யாரு விட்டா? தங்கச்சி கையைப் பிடிச்சுகிட்டு சேலைத் தலைப்புக்குள்ள சிரிச்சதோட சரி. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது, படத்துக்காக இல்ல, அந்த சத்தத்துக்காக.

அப்புறம் பயாலஜி க்ளாஸ். பெல்லா உள்ள வர்றா, ஒரு ஃபேன் காத்து அவ முடியைத் தூக்குது, அவ ரத்த வாசனை எட்வர்டுக்கு போகுது, அவன் மூக்கைப் பொத்திகிட்டு இப்ப வாந்தி எடுக்கப் போறவன் மாதிரி ஒரு மூஞ்சி வெக்கறான். அவனுக்குப் பின்னாடி ஒரு பாடம் பண்ணின வெள்ளை ஆந்தை, ரெக்கை ரெண்டும் அவன் தோள்ல இருந்து முளைச்ச மாதிரியே தெரியும், தேவதையாம்! தியேட்டரே சிரிச்சுது. காதலிக்கற பொண்ணுங்களேதான் சிரிச்சுதுங்க. கிண்டல் பண்றவங்க வேற, பைத்தியமா ரசிக்கறவங்க வேறன்னு ரெண்டு கோஷ்டி அங்க இல்ல, ரெண்டும் ஒரே ஆளு. வீட்டு மாப்பிள்ளையை வீட்டுக்குள்ள ஓட்டுவோமே, வெளியாளு ஓட்டினா சண்டைக்குப் போவோமே, அந்தக் கணக்கு.

ஆனா முதல் முத்தம் வர்ற சீன்ல பாப்கார்ன் சத்தம்கூட இல்ல. அவன் ஒரு அங்குலம் கிட்ட வர்றான், நிக்கறான், அசையாதேங்கறான், இன்னும் ஒரு அங்குலம். கிட்டப் போனா கடிச்சுடுவோம்ங்கற பயம் அவனுக்கு. தொடாம இருக்கறதுதான் அந்தப் படத்தோட முழு இன்ஜினே. அந்த ஒரு அங்குலத்துக்கு முந்நூறு பேர் சேந்து மூச்சைப் பிடிச்சுகிட்டு இருக்கும்போது நமக்கும் மூச்சு நின்னு போகுது. அதே சீனை ஒரு வருஷம் கழிச்சு டிவிடில பாத்தேன், நடுவுல குக்கர் விசில் அடிச்சுது, பாஸ் பண்ணிட்டுப் போயி அடுப்பை அணைச்சுட்டு வந்தேன், வந்து பாத்தா ரெண்டு பேர் மூஞ்சியை மூஞ்சி பாத்துகிட்டு திக்கித் திக்கி பேசறாங்க, ஒண்ணுமே இல்ல. அதைத்தான் ஊறுகாய் பாட்டில்னு எழுதினேன்.

சங்கப் பாட்டுல தலைவன் தலைவி ரெண்டு பேருதான்னு நினைச்சுக்கறோம், ஆனா பாதிப் பாட்டைப் பேசறது தோழி. அவதான் தலைவனை ஓட்டுவா, அவதான் ராத்திரி வழில புலி இருக்கு, ஆத்துல வெள்ளம் இருக்கு வராதேன்னு பயமுறுத்துவா, அவதான் தலைவிக்காக அழுவா. நீங்க பாத்தீங்களே, கத்திகிட்டும் சிரிச்சுகிட்டும் கண்ணைத் தொடைச்சுகிட்டும் ஒரு தியேட்டர், அது மொத்தமும் தோழிங்கதான்மா. 2008ல பதினாறு வயசா இருந்த தோழிங்களுக்கு 2025ல முப்பத்தி மூணு. பாப்கார்ன் தின்னுகிட்டு நடுவுல முழிச்ச நீங்க செவிலித்தாய், அந்தப் பாட்டுல அதுவும் ஒரு முக்கியமான பார்ட்டு.

ரத்தக்காட்டேரின்னா வெயில் பட்டா எரிஞ்சு சாம்பலாகணும். இவன் என்னடான்னா நகைக்கடை விளம்பரம் மாதிரி மின்னறான். மரபையே கெடுத்துட்டாங்க. நீங்க இதை நியாயப்படுத்தறீங்களா?
- டிராகுலா வெறியன், கோயம்புத்தூர்

தம்பி, எந்த மரபு? 1897ல பிராம் ஸ்டோக்கர் எழுதின டிராகுலா நாவலை ஒரு தடவை புரட்டிப் பாருங்க, அதுல டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் தெருவுல நடந்து போவாரு, சக்திதான் கொஞ்சம் கம்மியா இருக்கும். வெயில் பட்டதும் காட்டேரி காணாமப் போறதை பிரபலமாக்கினது 1922ல ஜெர்மனில எடுத்த நோஸ்ஃபெராட்டு படம். அதாவது நீங்க மரபுன்னு சொல்றது ஒரு சினிமாக்காரர் கிளப்பிவிட்டது, இன்னொரு எழுத்தாளர் அதை மாத்தினா ஏன் கோபம்? நம்ம ஊர்லயே விக்கிரமாதித்தன் தோள்ல தொங்கின வேதாளம் கதை சொல்லுச்சு, பரணில பேய்ங்க கூழ் காய்ச்சுதுங்க, ஒவ்வொருத்தர் பேயும் ஒரு மாதிரி.

மின்னற சீன் நல்லா வந்திருக்கான்னு கேட்டா, இல்ல. முதல் படத்தோட பட்ஜெட் 3.7 கோடி டாலர்தான், ஹாலிவுட் மாயாஜாலப் படத்துக்கு அது சிக்கனக் காசு, பெரிய திரைல பாத்தா ஜிகினா தூள் மேல வேர்த்த மாதிரி இருந்துச்சு, நானும்தான் சிரிச்சேன். ஆனா ஒண்ணு, அந்த மின்னல் இல்லாட்டி கதையே இல்ல. வெயில்ல வெளிய போனா குட்டு உடைஞ்சிடும், அதனால அந்தக் குடும்பம் எப்பவும் மேகம் மூடின ஊராப் பாத்து குடியிருக்கணும். எழுதினவங்க இருந்தது அரிசோனா, வெயில் கொளுத்தற ஊரு, அங்க உக்காந்துகிட்டு அமெரிக்காவுலயே அதிகமா மழை பெய்யற இடம் எதுன்னு இன்டர்நெட்ல தேடித்தான் ஃபோர்க்ஸைப் புடிச்சாங்க. கதையை எழுதும்போது அந்த ஊரைக் கண்ணால பாத்ததுகூட இல்ல.

என் மனைவி வருஷா வருஷம் மழை ஆரம்பிச்சதும் அஞ்சு படத்தையும் வரிசையா போட்டுப் பாக்கறா. கூட உக்காரணுமாம். எனக்குத் தூக்கம் வருது. தப்பா?
- அரைத் தூக்கத்தில் ஒரு கணவன், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

தூங்குங்க சார், தப்பே இல்ல, முழிச்சுகிட்டு "லாஜிக் இல்லையே"ன்னு சொல்றதுதான் தப்பு. ஹீரோ ஒரு உதை விட்டா பத்து பேர் டிரான்ஸ்ஃபார்மர்ல போயி விழறதுக்கு விசில் அடிச்சு வளந்தவங்கதானே நாமெல்லாம், அப்ப எங்க போச்சு லாஜிக்? பெல்லாவை இடிக்க வர்ற வேனை எட்வர்ட் ஒத்தைக் கையால நிறுத்தினா மட்டும் வந்துடுச்சா? அம்மணிக்கு ஒரு டீ போட்டுக் குடுத்துட்டு தலைகாணியை எடுத்துக்குங்க.

அக்கா, இந்த கோடைல குடும்பத்தோட அமெரிக்கா வர்றோம், அண்ணன் வீடு சியாட்டில். ஃபோர்க்ஸ் போய் படம் எடுத்த இடமெல்லாம் பாக்கணும்னு என் தங்கச்சி ஒத்தக்கால்ல நிக்கறா. ஒரு நாள்ல போய்ட்டு வந்துடலாமா? என்னென்ன பாக்கலாம்?
- பி.இ. முடிச்சுட்டு சும்மா இருக்கறவன், திருச்சி

முதல்ல தங்கச்சியை உக்கார வெச்சு ஒரு கெட்ட செய்தி சொல்லிடுங்க. படம் எடுத்தது ஃபோர்க்ஸ்ல இல்ல. பெரும்பாலும் பக்கத்து மாநிலம் ஆரெகன், போர்ட்லண்ட் சுத்துவட்டாரம். பெல்லா வீடுன்னு காட்டற வெள்ளை வீடு ஆரெகன்ல செயின்ட் ஹெலன்ஸ்ங்கற ஊர்ல இருக்கு, ஸ்கூலுக்கு வாஷிங்டன் மாநிலத்துலயே கலாமாங்கற ஊர் பள்ளிக்கூடத்தையும் எடுத்திருக்காங்க, கதைல ஃபோர்க்ஸ் பக்கத்துல வர்ற லா புஷ் பீச்னு காட்டினது ஆரெகன்ல இக்கோலா ஸ்டேட் பார்க்குல இருக்கற இந்தியன் பீச். இதைச் சொல்லாம கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் சண்டை, என் அனுபவம்.

ஆனாலும் போங்க. கார்ல ஒரு வழிக்கே நாலு மணி நேரம் பக்கம் ஆகும், ஒரே நாள்னா காலைல அஞ்சு மணிக்கே கிளம்பணும், ஒரு ராத்திரி தங்கறது உத்தமம். சியாட்டில்ல காரோட ஃபெர்ரில ஏறி பெயின்பிரிட்ஜ் தீவு, அது ஒரு முப்பத்தஞ்சு நிமிஷம், அப்புறம் போர்ட் ஏஞ்சலஸ், அதைத் தாண்டினா ரோட்டை ஒட்டியே கிரசென்ட் ஏரி வரும். அந்த நீலத்தைப் பாத்ததும் எட்வர்டெல்லாம் எனக்கு மறந்தே போச்சு. அங்க இறங்கி பத்து நிமிஷமாவது நில்லுங்க.

ஃபோர்க்ஸ் சின்ன ஊரு, நாலாயிரம் பேருக்கும் கம்மி. வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல மழை, நம்ம சென்னைக்கு சராசரி 55 அங்குலம்தான்னு நினைச்சுப் பாருங்க. மரம் வெட்டற தொழில்ல வாழ்ந்த ஊரு அது. 1990ல அங்கத்த காட்டுல இருக்கற புள்ளி ஆந்தையை அழிஞ்சு போற ஆபத்துல இருக்கற பறவைன்னு அரசாங்கம் அறிவிச்சதும் அரசுக் காட்டுல மரம் வெட்டறது பெருசா குறைஞ்சுது, தொழில் படுத்துடுச்சு. அப்படி இருந்த ஊர்லதான் இந்த புக்கும் படமும் வந்ததும் பொண்ணுங்க கார் காரா வந்து இறங்கினாங்க. நாங்க போனது 2009 கோடைல. விசிட்டர் சென்டர் வாசல்ல பெல்லா ஓட்டற மாதிரி துரு ஏறின செவப்பு செவர்லே பிக்கப் நிக்கும், ஆஸ்பத்திரில டாக்டர் கல்லனுக்குன்னே ஒரு பார்க்கிங் இடம் போர்டு மாட்டி ஒதுக்கி வெச்சிருந்தாங்க, அவர் கதைல எட்வர்டுக்கு அப்பா ஸ்தானம், இல்லாத டாக்டருக்கு இருக்கற ஆஸ்பத்திரில பார்க்கிங்! செப்டம்பர்ல போனீங்கன்னா பெல்லா பிறந்தநாளை ஒட்டி விழாவே நடத்தறாங்க, ஆனா நீங்க கோடைலன்னுட்டீங்க.

அங்க இருந்து கடற்கரைக்குப் போற வழில ஒரு இடத்துல "இதுக்கு மேல காட்டேரிங்க வரக்கூடாது"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி போர்டு இருக்கும், நாத்தனார் பொண்ணு அதுகிட்ட நின்னு பதினாலு போட்டோ எடுத்துகிட்டா. அதைத் தாண்டினா லா புஷ். இங்கதான் கொஞ்சம் குரலைத் தணிச்சுக்கணும். கதைல பெல்லாவை எட்வர்டுக்குப் போட்டியா லவ் பண்ற ஜேக்கப்னு ஒரு பையன், அவன் குடும்பம் ஓநாயா மாறும்ல, அது க்வில்லியூட்ங்கற நிஜமான பழங்குடி மக்கள் பேரைச் சொல்லி எழுதினது. அவங்க வாய்மொழிக் கதைல மூதாதைங்களை ஓநாய்ல இருந்து மனுஷங்களா ஒரு உருமாத்தற சக்தி படைச்சதுன்னு இருக்கு, அவங்களுக்கு அது சாமி விஷயம். அதை எடுத்து, காட்டேரிக்கு சண்டைக்காரனா மாத்தி, சட்டை இல்லாத பையனா போஸ்டர்ல போட்டு, அஞ்சு படம் சேந்து 300 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிட்டாங்க. அந்த வசூல்ல அந்த மக்களுக்குன்னு ஒரு பங்கும் கிடையாது. அவங்க இருந்தது கடலை ஒட்டி ஒரு சதுர மைல் நிலத்துல, பள்ளிக்கூடமே சுனாமி வந்தா அடிச்சுட்டுப் போற இடத்துல. சுனாமின்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2012லதான் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்துல நேஷனல் பார்க்குல இருந்து 785 ஏக்கர் மேட்டு நிலம் கெடைச்சுது, பள்ளிக்கூடம் மேட்டுக்கு மாறினது 2022ல. அதனால லா புஷ்ல இறங்கினா அது செட்டு இல்ல, ஊருன்னு தங்கச்சிகிட்ட சொல்லி வெயுங்க. கேக்காம ஆளுங்களைப் போட்டோ எடுக்க வேண்டாம், முடிஞ்சா அங்கயே எதாவது வாங்கிச் சாப்பிடுங்க, காசு அவங்களுக்குப் போகட்டும். பீச் அவ்ளோ அழகு, கரை பூரா யானை மாதிரி மரங்க ஒதுங்கிக் கெடக்கும்.

அப்புறம் ரெயின்கோட். கோடையா இருந்தாலும்.

நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். எங்க ஹாஸ்டல்ல இதை வெச்சு பெரிய சண்டை. பொண்ணுக்குத் தெரியாம ஜன்னல் வழியா வந்து அவ தூங்கறதைப் பாத்துகிட்டு நிக்கறான், அவ எங்க போனாலும் பின்னாடியே போறான். இது லவ்வா? நிஜத்துல ஒருத்தன் இப்படிப் பண்ணினா போலீஸ்ல குடுக்க மாட்டோமா?
- ரூம் நம்பர் 12, மதுரை

குடுக்கணும். சந்தேகமே வேண்டாம்மா. நிஜத்துல ஒருத்தன் ரெண்டு மாசமா என் ரூமுக்குள்ள நான் தூங்கும்போது வந்து நின்னுகிட்டிருந்தேன்னு சொன்னா, அது காதல் இல்ல, கேஸு.

அன்னிக்கு நடுராத்திரி ஷோல அந்த சீன் வந்தப்ப பொண்ணுங்க எல்லாம் "ஆஆவ்"ன்னு உருகிட்டாங்க, எனக்கு மட்டும் கழுத்து மயிர் நின்னுடுச்சு, ஏன்னா எனக்கு வேற ஞாபகம். நான் பன்னெண்டாவது படிக்கும்போது டியூஷன் போற வழில ஒருத்தன் நாலு மாசம் சைக்கிள்ல பின்னாடியே வந்தான், ஒரு வார்த்தை பேசல, எங்க தெருவே "பாவம், நல்ல பையன், உருகறான்"னு சொல்லுச்சு, நான் டியூஷனை நிறுத்தினேன். கணக்குல மார்க் போச்சு. நம்ம சினிமாவும் இதை எத்தனை வருஷமா காதல்னு வித்திருக்கு, அந்தப் பாவத்துல அமெரிக்காக்காரன் மட்டும் தனியா இல்ல.

நான் சொன்ன சங்கப் பாட்டுலயும் ராத்திரில தலைவன் வருவான், இரவுக்குறின்னு பேரே இருக்கு. ஆனா அவன் வர்றது தலைவிக்குத் தெரியும், இடத்தைச் சொன்னதே தோழி, அம்மா முழிச்சிருந்தாலோ நாய் குரைச்சாலோ பாக்காமலே திரும்பிப் போயிடுவான். தூங்கறவளை அவளுக்குத் தெரியாம நின்னு பாக்கறது அந்தக் கணக்குல சேராது. அதனால ரூம் நம்பர் 12ல சண்டை நடக்கட்டும், நல்ல சண்டைதான். நாத்தனார் பொண்ணுகிட்ட அன்னிக்கு கார்ல வரும்போது இதைச் சொன்னேன், "அத்தை, எனக்குத் தெரியாதா, அவன் கற்பனை, அதனாலதான் பிடிச்சிருக்கு"ன்னா. பாதி நம்பினேன். வீட்டு ஜன்னலுக்கு தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு மறுநாள் போயி பாத்துட்டும் வந்தேன்.

படம் ஏன் ஒரே நீலமா இருக்கு? தியேட்டர்ல புரொஜெக்டர் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன்.
- கலர் கண்ணாடி, ஈரோடு

கெடல. மழை ஊரு, மூடின வானம், செத்தவன் தோல் நிறம், எல்லாத்துக்கும் சேத்து வேணும்னே நீலமும் பச்சையும் ஏத்தின படம். கதை பெல்லா முன்னாடி இருந்த வெயில் ஊரு பீனிக்ஸுக்குப் போகும்போது கலர் சூடாகறதை கவனிச்சுப் பாருங்க. அடுத்த படத்துல டைரக்டர் மாறினதும் இந்த நீலமும் போயிடுச்சு, இன்னிக்கும் ரசிகைங்க அந்த நீலத்துக்காகவே முதல் படத்தைப் பாக்கறாங்க. நானும் அதுல சேத்தி.

இவ்ளோ பெரிய ஹிட்டு குடுத்த டைரக்டர் ஏன் ரெண்டாவது படம் எடுக்கல? பெண் டைரக்டர்னு சொல்றாங்களே?
- உதவி இயக்குனர் ஆக அலைபவள், வடபழனி

வடபழனில இருந்து இந்தக் கேள்வி வர்றதுல ஆச்சரியமே இல்லம்மா. கேத்தரின் ஹார்ட்விக். இந்தக் கதை அவங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு பெரிய கம்பெனிகிட்ட இருந்துச்சு, அங்க எழுதி வெச்சிருந்த ஸ்கிரிப்டுல பெல்லா ஓட்டப்பந்தய வீராங்கனை, துப்பாக்கியெல்லாம் வரும், அதாவது பொண்ணுங்க கதைக்கு காசு வராது, பசங்களுக்கும் புடிக்கற மாதிரி ஆக்ஷன் சேருன்னு ஒரு கணக்கு. ஹார்ட்விக் அதைத் தூக்கிப் போட்டுட்டு புக்குக்கே போங்கன்னாங்க. ஹீரோவைத் தேர்ந்தெடுக்கறதுக்கு அவங்க வீட்டுலயே ஆடிஷன் வெச்சு, கிறிஸ்டன் ஸ்டூவர்டோட நடிக்க வெச்சுப் பாத்து ராபர்ட் பாட்டின்சனைப் புடிச்சாங்க. முதல்ல டிசம்பர் ரிலீஸ்தான் பிளான், ஹாரி பாட்டர் படம் 2009க்குத் தள்ளிப் போனதும் அந்த நவம்பர் தேதில டக்குனு புகுந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஹாரி பாட்டர் படத்துல நடிச்ச பையன்தான் பாட்டின்சனும், அதுவும் ஒரு வேடிக்கை.

முதல் மூணு நாள் வசூல் அமெரிக்காவுல கிட்டத்தட்ட 7 கோடி டாலர், அதாவது போட்ட காசுல ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதுவரைக்கும் பெண் டைரக்டர் படத்துக்கு அவ்ளோ பெரிய ஓப்பனிங் வந்ததில்ல. அடுத்த படத்தை ஒரே வருஷத்துல முடிக்கணும்னு கம்பெனி அவசரப்படுத்துச்சு, இவங்க அந்த அவசரத்துக்கு ஒத்துக்கல. விலகிட்டாங்க. மீதி நாலு படத்தையும் எடுத்தது ஆம்பளைங்க. பெரிய பட்ஜெட், பளபளப்பு, ஓநாய் கிராஃபிக்ஸ் எல்லாம் வந்துச்சு. கேன்டீன் கதவு மாதிரி ஒரு சீன் வரல.

டீம் எட்வர்டா டீம் ஜேக்கபா? நழுவாம சொல்லுங்க.
- ரெண்டு அக்கா தங்கச்சி, கொழும்பு

டீம் சார்லி. பெல்லாவோட அப்பா, ஊர் போலீஸ் அதிகாரி. பொண்ணு வந்து இறங்கினதும் என்ன பேசறதுன்னு தெரியாம முழிச்சு, ஒரு பழைய வண்டியை வாங்கிக் குடுத்து, அதைவிட நல்லா தன் பாசத்தைச் சொல்லத் தெரியாத மனுஷன். எட்வர்ட் வீட்டுக்கு வர்றான்னதும் துப்பாக்கியை எடுத்து வெச்சு தொடைச்சுகிட்டு உக்காந்திருப்பார் பாருங்க, தியேட்டர்ல அந்த இடத்துல அம்மாக்கள் கோஷ்டி மட்டும் தனியா கை தட்டினோம். மத்தபடி ஜேக்கப் முதல் படத்துல ஒட்டு முடியோட வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போற சின்னப் பையன், எட்வர்ட் 1901ல பொறந்து 1918 ஃப்ளூ காய்ச்சல்ல சாகக் கெடந்தப்ப காட்டேரி ஆனவன், படம் வந்தப்ப 107 வயசு, எங்க கொள்ளுத்தாத்தா செட்டு. மான் ரத்தம் குடிச்சுட்டு "நாங்க சைவம்"னு சொல்ற குடும்பம் வேற. எங்க பாட்டி இருந்திருந்தா அந்த ஒரு வார்த்தைக்கே சம்பந்தம் வேண்டாம்னிருப்பா.

அக்கா, இங்க தியேட்டர்ல இன்டர்வெலே விட மாட்டேங்கறாங்க. படம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. எனக்கு சுகர் இருக்கு, நடுவுல ஒரு தடவை எழுந்து போயே ஆகணும். எந்த சீன்ல போனா நஷ்டம் கம்மி?
- பேத்திகூட அடுத்த ஷோவுக்குப் போகப்போற பாட்டி, டல்லஸ்

பாட்டிம்மா, இந்தப் பக்கத்துலயே உருப்படியான கேள்வி உங்களோடதுதான். படம் 122 நிமிஷம். முதல் ஒரு மணி நேரம் அசையாதீங்க, கேன்டீன், க்ளாஸ், வேன், காட்டுல ரகசியம் உடையற இடம் எல்லாம் அதுலதான். முத்தம் முடிஞ்சதும் போகலாமேன்னு தோணும், போகாதீங்க, அடுத்து இடி மழைல காட்டேரிங்க பேஸ்பால் ஆடற சீன் இருக்கு, பேட்டுல பந்து படற சத்தத்தை மறைக்கத்தான் இடி இடிக்கற நாளாப் பாத்து ஆடுவாங்க, படத்துலயே ஜாலியான அஞ்சு நிமிஷம் அது, பேத்தி உங்க கையைப் புடிச்சு குலுக்குவா. அது முடிஞ்சு புதுசா மூணு காட்டேரி வந்து மோப்பம் புடிச்சு, எல்லாரும் பதறியடிச்சு பெல்லாவை வண்டில ஏத்தி பீனிக்ஸுக்கு அனுப்புவாங்க பாருங்க, அப்ப எழுந்திரிங்க. ரோடு, ஹோட்டல் ரூம், ஃபோன், அவ்ளோதான். நிதானமா போயிட்டு வாங்க, ஓரத்து சீட்டா புக் பண்ணச் சொல்லுங்க. திரும்பி வரும்போது சுத்தி கண்ணாடி இருக்கற டான்ஸ் ஸ்கூல் ஒண்ணு திரைல தெரிஞ்சா நீங்க ஒண்ணையும் விடலைன்னு அர்த்தம். தெரியலைன்னா பேத்தியைக் கேளுங்க, காதுல சொல்லச் சொல்லுங்க, பின்சீட்டுக்காரிங்க பொல்லாதவளுங்க.